பதினோரு மணிக்கு மேல்

ஏப்ரல் 9, செவ்வாய்

நாற்பது நாளில் உடம்பு தேறிவிடும் என்று சொன்னவர்களையெல்லாம் வரிசையாக நிற்க வைத்து, இன்று எண்பத்தொன்பதாவது நாள் என்று சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

ஆபரேஷன் தையல் ஆறிவிட்டது. இடுப்பு வலியும் முன்னைக்குப் பரவாயில்லை. இப்போது வலி கைக்கு வந்திருக்கிறது. காலையில் விழிக்கும்போது பத்து விரலும் என் சொல் கேட்பதில்லை. உள்ளங்கையை மூட முடியாது. மணிக்கட்டிலும் விரல் கணுக்களிலும் சிமெண்ட் பூசினாற்போல ஓர் இறுக்கம். பாப்பாவின் சட்டையில் இருக்கிற அமுக்குப் பொத்தானைக்கூட அம்மா வந்துதான் அமுக்கிவிடுகிறாள். பத்தரை, பதினொன்று ஆனால் மெல்ல இளகும். மதியம் சாப்பிட உட்காரும்போது ஓரளவுக்கு என் கையாகிவிடும்.

நான் அருப்புக்கோட்டை கோர்ட்டில் சுருக்கெழுத்துத் தட்டச்சர். நீதிபதி சொல்லச் சொல்ல எழுதி, தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. ஒரு வருட விடுப்பு ஜனவரியில் முடிகிறது. காலை பத்தரைக்குக் கோர்ட் கூடிவிடும். கை பதினோரு மணிக்கு மேல்தான் வரும் ஐயா என்று நீதிபதியிடம் சொல்ல முடியாது.

பிரசவத்துக்குக் கோவில்பட்டியில் அம்மா வீட்டுக்கு வந்தவள், ஐந்தாம் மாதம் வரை இங்கேதான் இருப்பேன். அம்மாவிடம் கை வலிக்குக் காரணங்கள் குறைவில்லாமல் இருக்கின்றன.

"பச்ச உடம்போட செல்போன நோண்டாத நோண்டாதன்னு சொன்னனா இல்லையா? எந்நேரமும் அதத்தான வச்சித் தேச்சிக்கிட்டு இருந்த. பெறவு பச்சத் தண்ணியில கைய விட்ட. போதாததுக்கு முதுகுல ஊசி வேற. வலிக்காம என்னட்டி செய்யும்?"

போன வருடத்து அலுவலக டைரி ஒன்று சும்மா கிடந்தது. தேதிக்குப் பக்கத்தில் கிழமையை அடித்துத் திருத்தி எழுதுகிறேன். எழுதினால் விரல் பழகும் என்ற நப்பாசைதான். எப்போதும் மதியத்தில்தான் எழுத முடியும்.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப் பிறப்பு. பச்சடிக்கு மாங்காய் சீவச் சொன்னாள் அம்மா. மத்தியானம் சீவித் தருகிறேன் என்றேன். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் பச்சடியே என்றாள்.

மே 6, திங்கள்

பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் போய்வந்தோம். ஆட்டோவில் போகும்போது அம்மா பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு எனக்குப் பாடம் நடத்தினாள்.

"காலையில மட்டும்தான் வலிக்கின்னு அங்க போயி சொல்லிறாத. நாள் முழுக்க வலிக்குன்னு சொல்லு."

"ஏம்மா?"

"ஏம்மாவா? காலையிலதான வீட்டு வேல கெடக்கு? வேல கெடக்க நேரத்துல கை வராது, வேல முடிஞ்ச பெறவு கை வந்துரும்னா, கேக்கவ என்ன நெனப்பா? சோம்பேறிப் புள்ளன்னுதான நெனப்பா. ஒங்க அத்தை நேத்து போன்லயே ஒரு மாதிரித்தான் கேட்டாவ. டாக்டர் மட்டும் வேற மாதிரியா நெனைக்கப் போறாவ?"

சரியென்றுதான் பட்டது. எனக்கே சில சமயம் என்மேல் அந்தச் சந்தேகம் வருகிறது. எந்த நோயாவது கடிகாரம் பார்த்து வந்து போகுமா?

டாக்டரம்மா மருந்துச் சீட்டிலிருந்து நிமிராமல் எப்போதெல்லாம் வலிக்கிறது என்று கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் "நாள் முழுக்க டாக்டர்" என்றேன். பிரசவத்துக்குப் பிறகு எல்லாப் பெண்களுக்கும் இப்படி இருப்பதுதான், பால் கொடுப்பதால் சத்து குறைந்திருக்கும் என்றார். சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்பு மாத்திரை, தடவ ஒரு களிம்பு.

எட்டு வருடமாகச் சாட்சிகள் சொல்வதை எழுதிக்கொண்டிருக்கிறேன். வக்கீல் சொல்லிக்கொடுத்து வந்த சாட்சியைப் பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிடும். நான் செய்தது அந்த வகையில் சேராது. இல்லாத வலியை இருப்பதாகச் சொல்லவில்லை. இருக்கிற வலியின் நேரத்தைக் கொஞ்சம் நீட்டினேன், அவ்வளவுதான்.

மே 19, ஞாயிறு

அருப்புக்கோட்டையிலிருந்து என் வீட்டுக்காரர் வந்துபோனார். ஸ்பின்னிங் மில்லில் சூபர்வைசர். ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும். எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்து, சாமான் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர பதினொன்றரை ஆகிவிடும். அந்த நேரத்தில் நான் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றேன்.

"நல்லாத்தான இருக்க? அம்மா என்னவோ கை வரலன்னு சொன்னாங்க."

"இப்ப பரவால்லைங்க. காலையிலதான்..."

"காலையில எல்லாருக்கும்தான் ஒடம்பு அசதியா இருக்கும். நாலு எட்டு நட, சரியாயிரும்."

சிரித்தபடிதான் சொன்னார். வைய வேண்டும் என்று சொல்லவில்லை. அதனால் நானும் சிரித்துவைத்தேன்.

ஜூன் 7, வெள்ளி

அருப்புக்கோட்டைக்கு வந்தாயிற்று. அத்தை ஆரத்தி எடுத்தார். பாப்பாவை என்னிடமிருந்து வாங்கி முகர்ந்து பார்த்து, "எங்க வீட்டு வாடை இப்பத்தான் அடிக்குது" என்றார். மாமா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. இந்த வீட்டில் அத்தை, அவர், நான், இனி பாப்பா.

ஜூன் 15, சனி

அத்தைக்கு ஐந்து மணிக்கு விடியும். குழாயில் தண்ணீர் ஐந்தரைக்கு வந்து ஆறரைக்கு நின்றுவிடும். அதற்குள் பத்துக் குடம் பிடித்து, வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்து, மில்லுக்குப் போகிற மகனுக்கு ஏழு மணிக்குச் சோறு கட்ட வேண்டும். இந்த வீட்டின் வேலை முழுவதும் என் கை இல்லாத நேரத்திலேயே முடிந்துவிடுகிறது.

முதல் இரண்டு நாள் குடத்தைக் கையில் பிடிக்க முடியாமல் முழங்கையில் கோத்துத் தூக்கினேன். மூன்றாம் நாள் குடம் விழுந்து நசுங்கியது. அதிலிருந்து, "நீ போயி படுத்துக்கத்தா, நானே பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். அவர் சொன்ன விதத்தில் படுக்கவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

இன்று காலை ஜன்னல் பக்கம் படுத்து பாப்பாவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது, குழாயடியில் பக்கத்து வீட்டம்மாவிடம் பேசுவது கேட்டது.

"அதிசய வலிக்கா அது. பொழுது விடிஞ்சா வந்துருது. வேலயெல்லாம் முடிஞ்சு நான் அக்கடான்னு உக்காந்தா, அங்கிட்டு அவளுக்கு வலி போயிருது. பதினோரு மணிக்கு மேல பாருங்க, டைரி எழுதுறா. நோட்டுல கிறுக்குறா. நாங்களும் புள்ள பெத்தவுகதான். எங்களுக்கு இப்பிடி மணி பாத்து வலி வரத் தெரியலையே."

பக்கத்து வீட்டம்மா சிரித்தார். எனக்கு எழுந்து போய் இரண்டு பேர் குடத்தையும் உதைத்துத் தள்ள வேண்டும் போல் இருந்தது. கால் நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

எலும்பு டாக்டர். மில்லில் அரை நாள் லீவு போட்டுவிட்டு அவரும் கூட வந்தார். இந்த முறை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நானாகவே தயாராகிப் போனேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, காலையில் மட்டும் என்று சொல்ல வாய் எப்படி வரும்? குழாயடிப் பேச்சு அவர் காதிலும் விழுந்துதானே இருக்கும்.

"எப்பம்மா வலி ஜாஸ்தி? காலையிலயா, ராத்திரியிலயா?"

டாக்டர் அப்படியே கேட்டார். இரண்டையும் தட்டில் வைத்து நீட்டினாற்போல.

"எப்பவுமேதான் டாக்டர். நாள் முழுக்க."

"முதுகு?"

"முதுகும் வலிக்குது." கை மட்டும் என்று சொன்னால் நம்பமாட்டார்கள் என்று, சேர்த்தே சொன்னேன். ஆபரேஷனுக்கு முதுகில் ஊசி போட்டதைப் பக்கத்திலிருந்து அவர் எடுத்துக்கொடுத்தார். டாக்டர் முதுகை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். முதுகில் ஒன்றுமில்லை. இருக்காதே!

வீட்டுக்கு வந்ததும் அவர் அந்த எக்ஸ்ரேயை ட்யூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து அத்தைக்குக் காட்டினார். "ஒண்ணும் இல்லையாம்மா."

"எனக்குப் படம் எடுக்காமயே தெரியும்" என்றார் அத்தை.

ஆகஸ்ட் 5, திங்கள்

எழுத ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

திங்கட்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன்.

அத்தை காலை ஏழு மணிக்கு, "இன்னைக்காவது உம்புள்ளைய நீ குளிப்பாட்டு" என்றார். முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ரோஷம் விடவில்லை. குளியலறையில் மணை போட்டு, காலை நீட்டி, பாப்பாவைக் காலில் கிடத்தினேன். எண்ணெய் தேய்த்தேன், விரலை மடக்க வராததால் உள்ளங்கையாலேயே தேய்த்தேன். தண்ணீர் ஊற்றி, திருப்பிப் போடுவதற்காக அக்குளில் கைகொடுத்துத் தூக்கினேன். பிடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். கை பிடிக்கவில்லை.

அரை முழ உயரம்கூட இல்லை. ஆனால் தரை சிமெண்டுத் தரை. தலை பட்ட சத்தத்தை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஒரு நொடி அவள் அழவில்லை. பிறகு அழுதாள். அத்தை ஓடிவந்து வாரி எடுத்துக்கொண்டு, என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. நெற்றியோரம் புடைத்து மூன்று நாளில் வற்றிவிட்டது. குழந்தை டாக்டர் பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

அதன்பின் குளிப்பாட்டுவது, தூக்குவது, தூங்கவைப்பது எல்லாம் அத்தைதான். பால் கொடுக்க மட்டும் என்னிடம் கொண்டுவந்து பக்கத்தில் போடுவார். பக்கத்தில் உட்கார்ந்தே இருந்து, குடித்து முடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். நல்லதுதான். அவள் பத்திரமாக இருக்கிறாள். எனக்கு வருத்தமில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

அவருக்கு இன்று மில் விடுமுறை. மூன்று மணிக்குப் பேப்பரை எடுத்துவந்து உட்கார்ந்து, "நான் வாசிக்கிறேன், எழுது" என்றார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். கல்யாணமான புதிதில் இப்படித்தான் பொழுதுபோகும். நான் எழுதிய கோடுகளை நானே திரும்ப வாசித்துக் காட்டினால் மந்திரவாதியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

நிமிடத்துக்கு நூற்றிருபது வார்த்தை எழுதிய கை, இன்று எழுபதில் நின்றுவிட்டது. சுருக்கெழுத்தில் அழுத்திப் போடுகிற கோடு ஒரு எழுத்து, அழுத்தாமல் போடுகிற கோடு வேறு எழுத்து. எனக்கு அழுத்த வரவில்லை. எல்லாம் ஒரே மெல்லிய கோடாக, எனக்கே வாசிக்க வராமல் கிடந்தது.

"நல்லாத்தான ஓடுது கை?" என்றார்.

"ஓடுதுங்க" என்றேன். ஜனவரிக்கு இன்னும் நான்கு மாதம்கூட இல்லை. பயமாக இருக்கிறது.

அக்டோபர் 9, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று பேனாவை வைத்துக்கொண்டு கால் மணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். அதுதானே என் தொழில்.

அத்தைக்குச் சர்க்கரை. மாதத்துக்கு ஒருமுறை பஜாரில் இருக்கிற டாக்டரிடம் காட்டுவார். பழைய டாக்டர் மகள் வீட்டுக்குப் போய்விட்டதால் இந்த மாதம் அவர் இடத்தில் புதிதாக ஓர் இளவயது டாக்டர். "நீயும் கூடப் போ, அப்படியே கையைக் காட்டிட்டு வா" என்று மில்லுக்குக் கிளம்பும்போது அவர் சொல்லியிருந்தார். பாப்பாவை அத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார். நான் பையை வைத்துக்கொண்டேன்.

அத்தைக்குப் பார்த்து முடித்ததும் டாக்டர் என் பக்கம் திரும்பினார். எனக்கு இப்போது இது மனப்பாடம். "பிள்ளை பொறந்ததிலேர்ந்து கை வலி டாக்டர். நாள் முழுக்க வலிக்குது. முதுகும் வலிக்குது."

அவர் சீட்டில் ஏதோ எழுதத் தொடங்கினார். சுண்ணாம்புச் சத்துதான், இங்கிருந்தே தெரிந்தது.

அத்தையால் பொறுக்க முடியவில்லை.

"பொய்யி டாக்டரு. நாள் முழுக்கல்லாம் ஒண்ணும் வலிக்காது. நான் கூடவே இருந்து பாக்கேன்ல? காலையில மட்டுந்தான். எந்திரிக்கும்போது கைய மூட வராதுங்கா, டம்ளரப் பிடிக்க வராதுங்கா. பதினோரு மணி ஆச்சுன்னா தானா சரியாயிருது. தெனமும் இதே கூத்து. நாலு மாசமா நானும் பாக்கேன், ஒரு நாள் தப்புனதில்ல. வேல செய்ய ஒடம்பு வணங்கல, வேறென்ன?"

டாக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

"அம்மா, இன்னொரு தடவை சொல்லுங்க. எந்திரிச்சதுலேர்ந்து எவ்வளவு நேரம் ஆகுது கை இளக?"

அத்தைக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒருவர் உட்கார்ந்து கேட்கிறாரே. எத்தனை மணிக்கு எழுந்திருப்பேன், எந்தக் கையில் முதலில் வரும், குடம் விழுந்தது, மழை நாளில் மதியம் வரை நீள்வது, எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சொன்னார். என்னை இவ்வளவு கவனமாக இந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை. என் அம்மாகூடப் பார்க்கவில்லை. ஒரு சொல்கூட மிகையில்லை. அத்தனையும் உண்மை.

டாக்டர் என் இரண்டு கைகளையும் கேட்டு வாங்கி, விரல் கணுக்களைச் சேர்த்து லேசாக அமுக்கினார். கத்திவிட்டேன். பாப்பா மிரண்டு அழுதாள்.

"இது முடக்குவாதம் மாதிரி இருக்கும்மா. நம்ம ஒடம்பே நம்ம மூட்ட எதிரின்னு நெனச்சு அரிக்கிறது. சில பேருக்குப் பிரசவத்துக்கப்புறம் ஆரம்பிக்கும். காலையில இறுக்கம், போகப்போக இளகுறது, அதுதான் இதுக்கு அடையாளமே. ரத்தம் பாத்துட்டு மதுரைக்கு எழுதித் தரேன்." பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "முன்னாடி பாத்த டாக்டருங்ககிட்ட இந்தக் காலை விஷயத்தச் சொல்லலையா?"

"அவுங்க கேக்கலை டாக்டர்" என்றேன்.

அத்தை என்னையும் டாக்டரையும் மாறிமாறிப் பார்த்தார். பாப்பாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு எனக்கு முன்னால் வெளியே நடந்தார்.

அக்டோபர் 17, வியாழன்

மதுரை. மூட்டு டாக்டர் வயதானவர், சுருக்கமாகப் பேசினார். ரத்தத்தில் உறுதியாகிவிட்டது. இந்த முறை கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது கையில் இரண்டு கணுவில் எலும்பு அரித்திருக்கிறது. ஆள்காட்டி விரல், மோதிர விரல். அரித்தது அரித்ததுதான், திரும்ப வளராது. மேற்கொண்டு அரிக்காமல் நிறுத்தலாம்.

"ரெண்டு மூணு மாசத்துல வந்திருந்தா லேசான மாத்திரையில ஆரம்பிச்சிருக்கலாம். பாலும் குடுத்துக்கிட்டு இருந்திருக்கலாம். இப்ப அதுக்கு நேரமில்ல. வாரம் ஒரு தடவ மாத்திரை. கூட கொஞ்ச நாளைக்கு இன்னொண்ணு, வேகமா கேக்கும். ஆனா பால நிறுத்தணும்."

ஒரு வாரம் டயம் கேட்டேன். கொடுத்தார்.

பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். பாதி வழி தாண்டியதும், "எலும்பு டாக்டர் கேட்டாரே. காலையிலயா ராத்திரியிலயான்னு வாயத் தெறந்து கேட்டாரே, செண்பகம்" என்றார்.

"நீங்க பக்கத்துல இருந்தீங்க" என்றேன்.

அவர் மறுபடியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அக்டோபர் 20, ஞாயிறு

அத்தை தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறார். குழாயடியில் புதுக் கதை ஓடுகிறது. "ரெண்டு டாக்டரு பாத்தும் கண்டுபிடிக்கல. நாஞ்சொல்லித்தான் கண்டுபிடிச்சாரு. நான் மட்டும் அன்னைக்கு வாயத் தெறக்கலன்னா இந்தப் புள்ள கை என்னத்துக்கு ஆகும்?" என்னைச் சோம்பேறி என்று சொன்ன அதே வாய், அதே குரல், அதே பக்கத்து வீட்டம்மா. கோபத்தில் எனக்குக் காது அடைத்துக்கொண்டது. அவர் சொல்வதில் ஒரு பொய்யும் இல்லை என்பதுதான் இன்னும் கோபமாக இருக்கிறது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அழுதாள். மே மாதம் ஆட்டோவில் அவள் சொன்னதை ஞாபகப்படுத்தினேன்.

"நானா? நான் எப்பட்டி அப்படிச் சொன்னேன்? நல்லா சொல்லுன்னுதான சொல்லியிருப்பேன்."

தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். எடுத்து வாசித்துக் காட்டியிருக்கலாம். காட்டி என்ன? அவள் ஒரு தடவை சொல்லிக்கொடுத்தாள். மூன்று இடத்தில் சொன்னது நான்தான். அம்மா மேல், அத்தை மேல், அவர் மேல் எல்லாம் கோபம் வருகிறது. கடைசியில் சுற்றிக்கொண்டு என்னிடமே வந்து நிற்கிறது. என்னை யாரும் நம்பவில்லை என்று ஏழு மாதமாகக் குறைப்பட்டேன். நம்பும்படியாக ஒருவரிடமாவது உண்மையைச் சொன்னேனா?

அக்டோபர் 24, வியாழன்

காலையில் கடைசியாகக் கொடுத்தேன். வழக்கம்போலப் படுத்தபடிதான். அத்தை கொண்டுவந்து பக்கத்தில் போட்டார். இன்று உட்காராமல் வெளியே போய்விட்டார். பாப்பாவுக்கு இரண்டு பல் முளைத்திருக்கிறது. கடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அடிக்கக் கை ஓங்கினாற்போலப் பாசாங்கு செய்தேன். மறுபடியும் சிரித்தாள்.

சாயங்காலம் மார்பு கல்லாகிவிட்டது. அத்தை கடையிலிருந்து மல்லிகைப் பூ வாங்கிவந்தார். கதவைச் சாத்திவிட்டு, உதிரிப் பூவை மார்பில் வைத்துப் பழைய வேட்டித் துணியால் இறுக்கிச் சுற்றிக் கட்டினார். பால் வற்றுவதற்கு இப்படிக் கட்டுவார்கள். கட்டிக்கொண்டே, "ஒம்புருசனுக்கு முன்னாடி எனக்கு ஒண்ணு பொறந்துச்சுத்தா. இருவது நாளு. அப்ப இதே மாதிரி கட்டிவிட்டாக" என்றார்.

அந்தக் குழந்தையைப் பற்றி என் வீட்டுக்காரர்கூட என்னிடம் சொன்னதில்லை. கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள் என்று மட்டும் சொன்னேன். தளர்த்தவில்லை.

பாப்பா அடுத்த அறையில் புட்டிப்பாலைத் துப்பித் துப்பி அழுதாள். அந்த அழுகைக்கு என் மார்பு கசிந்தது. பூவெல்லாம் நனைந்துவிட்டது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. பாப்பாவுக்குப் புதுச் சட்டை. புட்டிப்பால் பழகிவிட்டாள். என்னைப் பார்த்தால் இப்போது அழுவதில்லை.

நவம்பர் 11, திங்கள்

காலை ஐந்தே முக்காலுக்கு விழிப்பு வந்தது. வழக்கம்போல அசையாமல் கிடந்தேன். அசைந்தால்தானே வலி. அப்புறம் என்னவோ தோன்றி இடது கையை மெல்ல மூடிப் பார்த்தேன். மூடியது. இறுக்கமாக, விரல் நுனி உள்ளங்கையில் பதியும்படி மூடியது. வலது கையும் மூடியது. மோதிர விரல் மட்டும் பாதியில் நின்றுகொண்டது. போர்வைக்குள் இரண்டு கையையும் மூடுவதும் விரிப்பதுமாக எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது. ஜனவரியில் கோர்ட்டுக்குப் போகலாம். நூற்றிருபது வராவிட்டாலும் நூறு வரும். சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்தியிருப்பேன்.

வெளியே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அத்தை குடத்தை மாற்றுவதும் கேட்டது. ஒவ்வொரு குடத்துக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகல். அவருக்கும் அறுபத்திரண்டு வயதாகிறது. எழுந்து போய் நானும் இரண்டு குடம் தூக்கியிருக்கலாம்.

ஆறரை மணிக்கு அத்தை காப்பியோடு உள்ளே வந்தார். மேசையில் வைத்துவிட்டுப் போகிறவர், இன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"கை எப்பிடித்தா இருக்கு?"

"வரலை அத்தை" என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை. அதுவாகவே வந்துவிட்டது. போர்வைக்குள் கை மூடியே இருந்தது.

அத்தை உச்சுக் கொட்டினார். "பாவிப்பய வியாதி, போக மாட்டேங்குதே" என்றார். என் முதுகுக்குப் பின்னால் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தார். டம்ளரை எடுத்து, ஊதி ஆற்றி, என் உதட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டார். குழாயடியில் நின்றதால் அவர் விரல்கள் ஈரமாக, சில்லென்று இருந்தன. பதறாமல், சிந்தாமல், கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். என் கையால் ஒரு டம்ளரையும் பிடிக்க முடியாமல் இந்த வீட்டில் கிடந்த நூற்றைம்பது காலையில் ஒருநாளும் இதைச் செய்யவில்லை. அன்றெல்லாம் நம்பவில்லை. இன்று முழுசாக நம்பினார்.

எனக்கு வெட்கமாக இல்லை. எழுதுவதற்கு இது நல்ல வாக்கியம் இல்லைதான், ஆனாலும் எழுதுகிறேன்: நன்றாக இருந்தது.

"படுத்துக்கத்தா. பதினோரு மணிக்கு மேல எந்திரிச்சாப் போதும்" என்று போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனார்.

காப்பியில் சர்க்கரை போட மறந்திருந்தார். நான் சொல்லவில்லை. பதினோரு மணி வரை படுத்திருந்தேன்.